வெண்மையின் விலை: ஈயவெள்ளையிலிருந்து தைத்தேனிய வெள்ளை வரை ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவர் கல்வெட்டையும் நாணயத்தையும் ஓலையையும் சான்றாகக் கொள்வர். சுவரிற் பூசப்பட்ட வெள்ளை நிறத்தைச் சான்றாகக் கொள்வோர் அரியர். ஆயினும், ஒரு சமுதாயம் எப்பொருளைக் கொண்டு தன் சுவர்களை வெண்மையாக்கிற்று, அப்பொருளை யார் எவ்வாறு ஆக்கினர், ஆக்கியோர் உடலுக்கும் அவர் வாழ்ந்த நிலத்துக்கும் யாது நேர்ந்தது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், அவ்வெண்மையின் பின்னே உற்பத்தி உறவுகளின் நீண்டதொரு வரலாறு மறைந்திருத்தலைக் காணலாம்.

இன்று நாம் பயன்படுத்தும் தீந்தை, தாள், பிளாத்திக்கு, இறப்பர், பற்பசை, முகப்பூச்சு, மாத்திரையின் மேலுறை ஆகியவற்றின் வெண்மை பெரும்பாலும் ஒரே சேர்வையினால் ஆனது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்பது அதன் பெயர். நூறாண்டுகளுக்கு முன் அதன் இடத்தில் இருந்தது ஈயவெள்ளை என்னும் கொடிய நஞ்சு. நஞ்சு நீங்கி நஞ்சற்றது வந்ததென்று இம்மாற்றத்தை விஞ்ஞானத்தின் வெற்றியாக மட்டும் எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதுவது அரை உண்மையாகும். வெண்மையின் விலை இம்மாற்றத்தினால் ஒழிந்துவிடவில்லை. அதனைச் செலுத்துவோரும் செலுத்தும் இடமும் மாறின என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொக்கிளாய்க்குத் தெற்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணல் இவ்வரலாற்றில் இடம்பெறுவதால், இது நமக்குப் புறம்பான வரலாறும் அன்று.

1. வெண்மையின் இயல்பு

ஒரு பொருள் வெண்மையாகத் தோன்றுவதற்கு, அது தன்மீது படும் ஒளியில் எந்நிறத்தையும் தனித்து உறிஞ்சாது, அனைத்தையும் எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்தல் வேண்டும். இச்சிதறலின் வலிமை, அப்பொருளின் துணிக்கைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்துள்ள ஊடகத்துக்கும் இடையேயுள்ள முறிவுச் சுட்டியின் வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு மிகுந்தால் வெண்மை மிகும். வேறுபாடு குறைந்தால் பொருள் ஒளிபுகவிடும்.

இதனை நம்மூர்ச் சுவர்களிலேயே காணலாம். சுண்ணாம்பு பூசிய சுவர் மழையில் நனையும்போது மங்கிச் சாம்பல் நிறங் கொள்கிறது. வெயிலிற் காய்ந்ததும் வெண்மை மீள்கிறது. காய்ந்த சுவரில் சுண்ணாம்புத் துணிக்கைகளைச் சூழ்ந்திருப்பது வளி. வளியின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1. சுண்ணாம்புப் பூச்சு இறுகியபின் எஞ்சும் கல்சியம் காபனேற்றின் சுட்டி ஏறத்தாழ 1.6. நனைந்த சுவரில் வளியின் இடத்தை 1.33 சுட்டியுடைய நீர் பிடித்துக்கொள்வதால் வேறுபாடு குறைகிறது. சுண்ணாம்பையோ சோக்கையோ ஆளிவிதை எண்ணெயிற் குழைத்தால், எண்ணெயின் சுட்டி 1.5 ஆதலின், வெண்மை பெரும்பாலும் மறைந்து மங்கிய குழம்பொன்றே எஞ்சும். ஆகவே மரத்தையும் இரும்பையும் மூடிக் காக்கும் எண்ணெய்த் தீந்தைக்குச் சுண்ணாம்பு உதவவில்லை. எண்ணெயினுள்ளும் வெண்மை குன்றாத பொருளொன்று தேவைப்பட்டது.

ஈயவெள்ளையினதும் நாகவெள்ளையினதும் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 2. தைத்தேனியம் ஈரொட்சைட்டின் அனற்றேசு என்னும் பளிங்கு வடிவத்துக்கு அது ஏறத்தாழ 2.5, உருத்தைல் என்னும் வடிவத்துக்கு ஏறத்தாழ 2.7. வைரத்தின் சுட்டி 2.4 மாத்திரமே என்பதை நோக்கின் இதன் சிறப்பு விளங்கும். துணிக்கைகளை மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவினதாக, அதாவது கட்புலனாகும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ அரைப்பங்கினதாக அரைத்துக்கொண்டால் சிதறல் உச்சம் பெறுகிறது. எனவே ஈயவெள்ளையிற் பல பூச்சுகளால் மறைக்கவேண்டிய மரத்தின் நிறத்தை, தைத்தேனிய வெள்ளை குறைந்த பூச்சுகளில் மறைத்துவிடும். இச்சேர்வை நீரிற் கரைவதில்லை. ஐதான அமிலங்களால் தாக்கப்படுவதில்லை. நகரப் புகையிலுள்ள கந்தகச் சேர்வைகளால் ஈயவெள்ளை கறுப்பதுபோல் இது கறுப்பதுமில்லை.

2. ஈயவெள்ளையும் அறியப்பட்ட நஞ்சும்

ஈயவெள்ளை மிகப் பழைய ஆக்கப்பொருள்களுள் ஒன்று. ஈயத்தை வினாகிரியின் ஆவியில் வைத்து அதன்மேற் படியும் வெள்ளைப் பொடியைச் சுரண்டியெடுக்கும் முறையைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டளவில் ஒல்லாந்தர் இதனைப் பெருந்தொழிலாக்கினர். வினாகிரி ஊற்றிய மட்பாண்டங்களில் ஈயச் சுருள்களை வைத்து, அப்பாண்டங்களைக் குதிரைச் சாணத்தினுட் புதைத்து, அடுக்கடுக்காக உயர்த்தி, மூன்று மாதமளவில் மூடி வைத்தனர். சாணம் புளித்தலால் உண்டாகும் வெப்பமும் காபனீரொட்சைட்டும் ஈயத்தைக் கார ஈயக் காபனேற்றாக மாற்றின. அடுக்கைப் பிரித்து, பொடியை எடுத்து, கழுவி, சூளையில் உலர்த்துவது தொழிலாளரின் வேலை. அப்பொழுது எழும் தூசியே அவர்களின் மூச்சிற் கலந்தது.

இப்பொருள் நஞ்சென்பது பிற்காலக் கண்டுபிடிப்பு அன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான நிக்காந்தர் ஈயவெள்ளை உண்டாரின் நோய்க்குறிகளைப் பாடியுள்ளார். உரோமக் கட்டடக் கலைஞரான விற்றுருவியசு, ஈயம் உருக்குவோரின் வெளிறிய உடலைச் சுட்டி ஈயக் குழாய்களை வேண்டாமென்றார். தொழில்வழி நோய்கள் பற்றி 1700 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட இத்தாலிய வைத்தியர் இரமசீனி, ஓவியர் நோயுற்றமைக்கு அவர் கையாண்ட நிறப்பொருள்களைக் காரணங் காட்டினார். வயிற்றுவலி, மணிக்கட்டுத் தளர்ந்து கை தொங்குதல், வலிப்பு, பார்வை இழப்பு, கருச்சிதைவு என நோய்க்குறிகள் யாவும் அறியப்பட்டிருந்தன. அறிவு இருந்தது, பயன்பாடும் தொடர்ந்தது. இவை இரண்டும் இரண்டாயிரம் ஆண்டுகள் ஒருங்கே நிலவியமையே வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஈயவெள்ளைத் தொழிற்சாலைகளின் மிக ஆபத்தான வேலைகளைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களே. வேறு வேலை கிடையாத வறிய பெண்கள், நாட்கூலிக்கு ஈயப் பொடியைத் தலையிற் சுமந்து சூளைக்கு ஏற்றினர். தொழிலாளர் நிலையாக இல்லாமை முதலாளிக்கு வசதியாயிற்று. நோயுற்றவள் வாராதொழிந்தால் மறுநாள் வாயிலில் வேறொருத்தி நிற்பாள். பேர்னாட் சோ 1893 இல் எழுதிய 'திருமதி வொரனின் தொழில்' நாடகத்தில், ஒழுக்கந் தவறாது உழைத்த சகோதரியொருத்தி ஈயவெள்ளைத் தொழிற்சாலையில் நஞ்சேறி இறந்தாள் என்னும் செய்தி இடம்பெறுகின்றது. பார்வையாளர்க்கு விளக்கவுரை வேண்டாத அளவுக்கு அது அறியப்பட்ட செய்தியாயிருந்தது. 1898 ஆம் ஆண்டிலேயே இத்தொழிலின் ஆபத்தான பகுதிகளிற் பெண்களை ஈடுபடுத்தல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. தடை பெண்களுக்கு, நஞ்சுக்கு அன்று. அவ்வேலைகள் ஆண்களிடம் சென்றன.

3. நாகவெள்ளையும் 1921 ஆம் ஆண்டுச் சமவாயமும்

மாற்றுப்பொருள் இல்லாமையே ஈயவெள்ளை நிலைத்தமைக்குக் காரணமென்று சொல்வதற்கில்லை. பாரிசில் வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலை நடத்திய எட்மே சான் லெக்கிளேர் என்பார், தம் தொழிலாளர் ஈய நோயால் அழிதலைக் கண்டு, 1840களில் நாகவொட்சைட்டை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துப் பயன்படுத்தத் தொடங்கினார். தொழிலின் இலாபத்தில் தொழிலாளர்க்குப் பங்கு வழங்கும் முறையை 1842 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியவரும் அவரே. இவ்விரு செயல்களும் ஒரே மனிதரிடமிருந்து தோன்றியமை தற்செயலன்று. தொழிலாளரின் உடலைக் கணக்கிற் சேர்த்தவருக்கே மாற்றுப்பொருள் தேடவேண்டிய தேவை ஏற்பட்டது.

நாகவெள்ளை நஞ்சற்றது, எனினும் மறைக்கும் ஆற்றலிற் குறைந்தது, வெளிப்புறத்தில் வெடிக்கும் இயல்பினது. ஈய உற்பத்தியாளர் இக்குறைகளைப் பெரிதுபடுத்தினர். தொழிற்சங்கங்கள் போராடின. பிரான்சு 1909 இல் இயற்றிய சட்டத்தின்படி, கட்டடங்களுக்கு ஈயவெள்ளை பூசுதல் 1915 முதல் தடைக்குள்ளாயிற்று. அவுத்திரேலியாவின் குயின்சுலாந்தில், வீட்டு விறாந்தைகளின் தீந்தையே குழந்தைகளின் ஈய நோய்க்கு மூலமென்று கண்வைத்தியரான லொக்காட் கிப்சன் 1904 இல் எடுத்துக்காட்டினார். நோய் தொழிற்சாலையிலிருந்து வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு அது தெளிந்த சான்றாகும்.

1921 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் தாபன மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையைத் தடைசெய்யும் சமவாயத்தை ஏற்றது. அதுவும் சமரசமே. வெளிப்புறப் பூச்சு தடைக்கு உட்படவில்லை. கைத்தொழில் வேலைகளில் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்களும் பெண்கள் அனைவரும் மட்டுமே விலக்கப்பட்டனர். பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் இச்சமவாயத்தை உறுதிசெய்யவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்குரிய ஈயத் தீந்தை 1978 இலேயே தடைசெய்யப்பட்டது. இலங்கையில் தீந்தையின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல். ஜெனீவாவிலிருந்து இந்நாட்டுக்கு இவ்வறிவு வந்துசேர்வதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு எடுத்தது எனலாம்.

4. தைத்தேனிய வெள்ளையின் வருகை

தைத்தேனியம் அரிய மூலகமன்று. புவியோட்டில் மிகுந்து காணப்படும் மூலகங்களுள் ஒன்பதாவது. இங்கிலாந்தின் கோண்வோல் மாவட்டத்தில் மனாக்கன் என்னும் ஊரின் ஓடையில், வெடிமருந்து போன்ற கரிய மணலைக் கண்ட வில்லியம் கிரெகர் என்னும் மதகுரு, அதிற் புதிய உலோகமொன்று இருத்தலை 1791 இல் அறிவித்தார். ஜேர்மானிய இரசாயனவியலாளர் கிளப்பிரோத்து, 1795 இல் உருத்தைலில் அதே மூலகத்தைத் தனித்துக் கண்டு, கிரேக்கப் புராணத்துத் தைத்தன்களின் பெயரை அதற்கு இட்டார். எனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது ஆய்வுகூட விந்தையாகவே இருந்தது. தைத்தேனியம் இயற்கையில் இரும்போடு இறுகப் பிணைந்த இல்மனைற்றாகவே பெரிதும் கிடைக்கிறது. இரும்பின் சிறு கலப்பும் வெண்மையை மஞ்சளாக்கிவிடும். இரும்பை முற்றாக நீக்கும் வழி தெரியாதவரை கரிய மணலிலிருந்து வெண்மை பிறக்கவில்லை.

அவ்வழியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்திற் கண்டனர். நோர்வேயில் யெப்சன், பாருப் ஆகியோரும், ஐக்கிய அமெரிக்காவின் நயாகராவில் ஒகுசுத்து உரொசியும் இதற்கு உழைத்தனர். நயாகராவில் 1916 இல் இதற்கெனக் கம்பனி அமைந்தது. இல்மனைற்றைச் செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கரைத்து, இரும்புச் சல்பேற்றைப் பளிங்காக்கிப் பிரித்து, எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்துப் பெறும் வீழ்படிவைச் சுடுவதே அம்முறையின் சாரம். தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது பேரியம் சல்பேற்றோடு கலந்த பொருளே. தூய அனற்றேசு பிரான்சின் அல்சாசில் 1920களில் உற்பத்தியாயிற்று.

இனிக் கவனிக்க வேண்டியது உடைமை உறவு. ஐக்கிய அமெரிக்காவில் ஈயவெள்ளை உற்பத்தியின் முதல்வராயிருந்த நஷனல் லெட் கம்பனியே 1920 இல் நயாகராக் கம்பனியிற் பங்கு கொண்டது. பின் முழுதும் தனதாக்கிக்கொண்டது. நஞ்சின் உடைமையாளரே மாற்றுப்பொருளுக்கும் உடைமையாளராயினர். தூரிகை ஏந்திய சிறுவனின் உருவத்தை வணிகச் சின்னமாகக் கொண்டு ஈயவெள்ளையை விற்ற அக்கம்பனி, அடுத்த பல்லாண்டுகளில் இரண்டையும் ஒருங்கே விற்றது. நோர்வேக் கம்பனியோடு செய்துகொண்ட உடன்பாட்டினால் உலகச் சந்தை பிரதேசங்களாகப் பங்கிடப்பட்டது. ஜேர்மானிய, பிரித்தானிய இரசாயனக் கம்பனிகளும் அப்பங்கீட்டிற் சேர்ந்தன. டியூபொண்ட் கம்பனியோடு ஆக்கவுரிமைகளைப் பகிர்ந்துகொண்டமையால் பிறர் இத்தொழிலில் நுழையும் வாயில் அடைபட்டது. இவ்வேற்பாடுகள் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானவை என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1947 இல் உறுதிப்படுத்திற்று. எனவே ஈயவெள்ளை பின்வாங்கிய வேகத்தை நிர்ணயித்தது வைத்திய அறிவு மட்டுமன்று; சந்தையை ஆண்டோரின் கணக்கும் அதனை நிர்ணயித்தது.

தைத்தேனிய வெள்ளை வந்த காலம் திட்டமாகத் தெரிந்திருத்தலால் அது வரலாற்றாய்வுக்கு அளவுகோலாகவும் அமைந்துள்ளது. கொலம்பசுக்கு முன்னரே வைக்கிங்குகள் வட அமெரிக்காவை அறிந்திருந்தமைக்குச் சான்றென, 1965 இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'வின்லாந்துப் படம்' பதினைந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்பட்டது. அதன் மையில் அனற்றேசுத் துணிக்கைகள் இருத்தலை 1974 இல் மக்குரோன் எடுத்துக்காட்டினார். நெடிய விவாதத்தின்பின், படத்தின் கோடுகள் எங்கணும் தைத்தேனியம் பரந்திருத்தலைக் கண்டு, அது போலியே என யேல் பல்கலைக்கழகம் 2021 இல் அறிவித்தது. 1914 ஆம் ஆண்டினதெனக் கூறி விற்கப்பட்ட ஓர் ஓவியத்திற் காணப்பட்ட தைத்தேனிய வெள்ளையே, பெல்திராக்கி என்னும் ஜேர்மானியரின் போலி ஓவியங்கள் அம்பலமாவதற்கு வழிவகுத்தது.

5. கரிய மணலும் குடியேற்ற ஆட்சியும்

நயாகராவின் ஆலைக்கு மணல் எங்கிருந்து சென்றது? இவ்வினா நம்மைத் தமிழகத்தின் தென்கோடிக்கு அழைத்துச் செல்கிறது. அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதியாயிருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், சொம்பேர்க்கு என்னும் ஜேர்மானியர் 1909 இல் மொனசைற்றைக் கண்டார். ஏற்றுமதியான கயிற்றோடு ஒட்டிச் சென்ற மணலே அவரை அவ்விடத்துக்கு ஈர்த்தது. வாயு விளக்கின் வலைக்குத் தேவையான தோரியமே அன்று வேண்டப்பட்டது. உடன் கிடந்த இல்மனைற்று வேண்டாக் கழிவாகக் குவிந்தது. தைத்தேனிய வெள்ளை வணிகப் பொருளானதும் அக்கழிவு செல்வமாயிற்று. 1930களில் உலகச் சந்தைக்குச் சென்ற இல்மனைற்றின் மிகப் பெரும் பங்கை வழங்கியது திருவிதாங்கூர்க் கரையே.

மணல் அங்கிருந்து சென்றது. நிறப்பொருள் மேற்கிலே ஆனது. பருத்திக்கும் இறப்பருக்கும் நேர்ந்ததே மணலுக்கும் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரிற் கடல்வழி தடைப்பட்டதும், நஷனல் லெட் கம்பனி நியூயோர்க்கு மாநிலத்தின் மலைப்பகுதியில் தன் சொந்தச் சுரங்கத்தைத் திறந்துகொண்டது. மூலப்பொருளை மாத்திரம் விற்கும் நாட்டுக்குச் சந்தையின்மீது எவ்வித ஆட்சியும் இல்லையென்பதற்கு இது தக்க உதாரணமாகும். திருவனந்தபுரத்தில் 1946 இல் திருவிதாங்கூர்த் தைத்தேனியப் பொருள் நிறுவனம் அமைக்கப்பட்டதன் பின்னரே, அக்கரையின் மணல் அக்கரையிலேயே வெள்ளையாகும் நிலை தோன்றிற்று. பின்னர் 1984 இல் கேரளத்தின் சவறையில் குளோரீன் முறையாலான ஆலையும் இயங்கலாயிற்று.

6. கழிவின் இடப்பெயர்ச்சி

ஆலையைக் கைக்கொள்ளும் நாடு அதன் கழிவையும் கைக்கொள்கிறது. சல்பேற்று முறையில் ஒரு தொன் நிறப்பொருளைப் பெறும்போது, ஐதான சல்பூரிக்கமிலமும் இரும்புச் சல்பேற்றுமாகப் பல தொன் கழிவு எஞ்சும். நெடுங்காலமாக இதற்குக் கண்ட வழி ஆற்றிலோ கடலிலோ கொட்டுதல். இத்தாலியின் இசுக்கார்லினோவில் மொன்ரெடிசன் கம்பனியின் ஆலை, 1972 முதல் தன் கழிவைக் கோர்சிக்காத் தீவுக்கருகே கடலிற் கொட்டியது. 'செஞ்சேறு' என அக்கழிவுக்குப் பெயரிட்ட மீனவரும் நகர மக்களும் 1973 பெப்புருவரியிற் பஸ்தியா நகரில் திரண்டெழுந்தனர். கோர்சிக்கரின் அரசியல் விழிப்பில் அப்போராட்டத்துக்கு முக்கிய இடமுண்டு. தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் கழிவு பற்றி ஐரோப்பியச் சமூகம் 1978 இற் பிறப்பித்த பணிப்புரைக்கு இத்தகைய போராட்டங்களே பின்னணி.

குளோரீன் முறையில் அமிலக் கழிவு குறைவு. ஆனால் அதற்கு உயர்தர மூலப்பொருளும் நுண்ணிய தொழினுட்பமும் வேண்டும். அத்தொழினுட்பத்தை டியூபொண்ட் முதலாய சில கம்பனிகள் நெடுங்காலம் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தன.

இச்சேர்வை முற்றிலும் மந்தமானது என்னும் கருத்தும் இடையிற் திருத்தம் பெற்றது. அனற்றேசு கலந்த தீந்தை வெயிலிற் பொடிந்து உதிர்தலைப் பூசுவோர் முன்னரே கண்டிருந்தனர். ஊதாக் கடந்த கதிர்கள் படும்போது அது ஊக்கியாகித் தன்னைச் சூழ்ந்த சேதனப் பொருளைச் சிதைக்கிறது என்பதே காரணம். இவ்வியல்பைக் கொண்டே, தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளியால் நீரைப் பகுக்கலாம் என யப்பானியரான பூசிசிமாவும் ஒண்டாவும் 1972 இல் அறிவித்தனர். தீந்தையில் இது குறையாதலால், உருத்தைல் துணிக்கைகளுக்கு அலுமினா, சிலிக்கா ஆகியவற்றால் மெல்லுறை இடுகின்றனர். உணவிற் சேர்க்கப்படும் வெண்ணிறப் பொருளாக இதன் பாதுகாப்பை மேலும் உறுதிப்படுத்த இயலாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 இற் கூறியது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பயன்பாட்டைத் தடைசெய்தது. ஈயத்தோடு இதனை ஒப்பவைத்தல் பெருந்தவறாகும். ஆயினும், நஞ்சற்றது என்னும் சான்றிதழ் ஒருமுறை வழங்கிவிட்டால் என்றும் நிலைக்கும் ஒன்றன்று என்பதை இது உணர்த்துகிறது.

7. புல்மோட்டை

திருகோணமலை மாவட்டத்தின் வடவெல்லையில், புல்மோட்டைக் கரையிற் சில கிலோமீற்றர் நீளத்துக்குக் கரிய மணல் பரந்துள்ளது. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளாற் கடலையடைந்த பாரமான கனியங்களை, வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் இலேசான மணலினின்று பிரித்துக் கரையிற் சேர்க்கின்றன. அம்மணலின் பாரக் கனியங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைற்று. உருத்தைலும் சிர்க்கனும் உடன் உண்டு. இத்தகைய செறிவு உலகிற் சில இடங்களிலேயே காணப்படுகிறது.

1957 இல் இதற்கென இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. தேசியக் கைத்தொழில் வளர்ச்சியில் நம்பிக்கை மிகுந்த காலம் அது. காந்தத்தாற் பிரித்தெடுத்த இல்மனைற்று யப்பானுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறிற்று. பின்னர் போர் வந்தது. 1997 செப்டெம்பரில், புல்மோட்டைக் கடலில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கப்பல் தாக்கப்பட்டுக் கப்பலோட்டிகள் உயிரிழந்தனர். போரின் ஆண்டுகளில் அகழ்வும் ஏற்றுமதியும் பலமுறை தடைப்பட்டன. கூட்டுத்தாபனம் அரசுக்குரிய கம்பனியாக மாறியது. போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் அடிப்படை உறவு மாறவில்லை. இன்றும் மணல் வெளியே செல்கிறது. நிறப்பொருள் உள்ளே வருகிறது. வரும் பொருளின் விலை செல்லும் பொருளின் விலையிலும் பன்மடங்கு. நம் சுவர்களின் வெண்மையை நாம் விலைகொடுத்து இறக்குமதி செய்கிறோம்.

இதற்கு விடையாக, நிறப்பொருள் ஆலையை இங்கேயே அமைப்போம் என்னும் குரல் காலத்துக்குக் காலம் எழுகின்றது. திருவிதாங்கூரின் அனுபவம் அதற்கு ஆதரவு தரும். கோர்சிக்காவின் அனுபவமோ எச்சரிக்கை தரும். அமிலக் கழிவு கொக்கிளாய்க் களப்பிற் கலக்குமாயின், இறாலையும் மீனையும் நம்பி வாழ்வோரே வெண்மையின் விலையைச் செலுத்துவர். அண்மை ஆண்டுகளில் மன்னார்த் தீவிலும் இல்மனைற்று அகழ்வுக்கு முயற்சிகள் நடைபெறுகின்றன. கடல்மட்டத்திலிருந்து சிறிதே உயர்ந்த அத்தீவில் மணலே நிலம். மணலே நன்னீரைத் தாங்கி நிற்பது. அங்குள்ள மக்களின் எதிர்ப்பை வளர்ச்சிக்குப் பகையான அறியாமை என்று தள்ளிவிடுதல், ஈயத் தொழிற்சாலையின் வாயிலில் நின்ற பெண்களை விதியின் பலிகள் என்று கருதியதற்கு ஒப்பாகும்.

8. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில கருத்துக்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, ஈயவெள்ளை நஞ்சென்ற அறிவு அதனை ஒழிக்கப் போதவில்லை. தொழிற்சங்கங்களின் போராட்டமும் சட்டமும் மாற்றுப்பொருளும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே அது பின்வாங்கிற்று. அவை சேராத இடங்களில் மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இரண்டாவதாக, தைத்தேனிய வெள்ளை வண்ணம் பூசுவோரின் உடலைக் காத்தது. மனிதகுலத்துக்கு அது மெய்யான பேறு. அதனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. மூன்றாவதாக, அதே மாற்றம் வெண்மையின் விலையைத் தொழிற்சாலையிலிருந்து கடலுக்கும், நகரத்திலிருந்து தொலைவான மணற்கரைக்கும் பெயர்த்தது. பெயர்க்கப்பட்ட விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அது கணக்கிற் சேர்வதுமில்லை.

ஆகவே புல்மோட்டை பற்றி எழுப்பவேண்டிய வினா, மணலை விற்பதா அல்லது ஆலை அமைப்பதா என்பதோடு முடிவதில்லை. எவ்வழியைத் தேர்ந்தாலும் ஆதாயம் யாரைச் சேரும், கழிவு எங்கே சேரும், அம்முடிவை எடுக்கும் மேசையில் அக்கரையின் மீனவனுக்கு இடமுண்டா என்பனவே மூல வினாக்கள். லெக்கிளேர் தம் தொழிலாளரின் உடலைக் கணக்கிற் சேர்த்தபொழுது வெள்ளையின் வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அக்கரையின் நிலத்தையும் நீரையும் வாழ்வோரையும் கணக்கிற் சேர்க்கும் பொழுதே அடுத்த திருப்பம் நிகழும்.